தமிழர் உண்டா?

"தமிழர் உண்டா?" என்று தணிகைவேல் சார் தன் இடத்திலிருந்தே கேட்டார். பார்க்கிறேன் சார் என்றேன். சாப்பிட்டீங்களா என்று கேட்கும் அதே குரலில்தான் இதையும் கேட்பார், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எங்கே பூமி நடுங்கினாலும் எங்கே விமானம் விழுந்தாலும் எங்கள் செய்திப் பிரிவில் முதல் கேள்வி அதுதான். தமிழர் உண்டு என்றால் திரை முழுக்கச் சிவப்பாகும், நிருபர் யார் வீட்டு வாசலிலாவது மைக்கோடு நிற்பார். இல்லை என்றால் திரைக்கு அடியில் ஓடுகிற எழுத்தில் ஒரு வரி, அதுவும் தங்கம் விலைக்கும் வானிலைக்கும் நடுவில். அந்த ஓடுகிற எழுத்தை எழுதுவதுதான் என் வேலை. ஸ்க்ரோல் என்போம். வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதை ஒருத்தி உட்கார்ந்து தட்டுகிறாள் என்று நினைத்திருக்கவே மாட்டார்கள், தானாக ஓடுகிறது என்று நினைப்பார்கள், இந்த வேலைக்கு வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கு வளைகுடாவில் ஒரு துறைமுகத்தின் மேல் ஏவுகணை விழுந்திருக்கிறது. நான் ஏவவில்லை நீ ஏவினாய் என்று இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருக்கின்றன. மீன்பிடி லாஞ்சுகளைக் கட்டி நிறுத்துகிற பக்கம் என்று ஏஜென்சி செய்தி சொல்கிறது. அந்தப் பக்கத்தில்தான் என் அண்ணன் ததேயு வேலை செய்கிற லாஞ்சும் நிற்கும். ஆகவே தமிழர் உண்டு சார், என் கூடப்பிறந்தவனே உண்டு சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், தணிகைவேல் சார் முதலில் என் தோளைத் தொட்டு அய்யோ என்பார், அது உண்மையான அய்யோவாகத்தான் இருக்கும், அடுத்த நிமிஷம் என்னை நாற்காலியோடு ஸ்டுடியோவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், முகத்தில் லேசாகப் பவுடர் போட்டு, நம்முடன் பணியாற்றும் பெல்சியின் அண்ணனே அங்கே சிக்கியிருக்கிறார், சொல்லுங்கள் பெல்சி, இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது. மனநிலை. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். மேசைக்கு அடியில் போனைப் பார்த்தேன். விடிந்ததும் அனுப்பிய "எங்கே இருக்க?" இன்னமும் ஒற்றை டிக்கோடு நின்றது.

எதிர்ச் சுவரில் மற்ற சேனல்கள் எல்லாம் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன, எல்லாவற்றிலும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே கேட். பேரொளி நாயகன் உள்ளே படுத்திருக்கிறார். நடிகர் என்று வெறுமனே சொன்னால் ஆகாது, பெயரைச் சொன்னாலும் ஆகாது, பட்டத்தோடுதான் போடவேண்டும், ஒரு தடவை இடமில்லையே என்று வெறும் பெயரைப் போட்டதற்கு ரசிகர் மன்றத்திலிருந்து மதுரை, கோவை, திருவண்ணாமலை என்று ஊர் ஊராகப் போன் வந்தது. இப்போது அந்தக் கேட்டைத்தான் தமிழ்நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. கேட் திறந்தால் பரபரப்பு என்று போடவேண்டும். சற்று முன்னால் திறந்தது, போட்டேன், அழுக்குத் துணி ஏற்றிய வேன் ஒன்று வெளியே வந்து போயிற்று. எடுத்துவிட்டேன். அவருக்கான தொகுப்பு இரண்டு வருஷமாகவே தயார், இளமைக்காலம், முதல் படம், அரசியலுக்கு வருவேன் வரமாட்டேன் என்றது, மகளின் கல்யாணம், கடைசியில் புல்லாங்குழல். எழுதியது நான்தான். அந்த மாதிரித் தொகுப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் "நலம்" என்ற பெயரில் ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறோம், யாராவது கைதவறித் திறந்தாலும் வெளியே தெரியக்கூடாது என்று. அவர் ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் நலத்தைத் திறந்து வயதை ஒன்று கூட்டுவேன். மனுஷர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. உள்ளே மூக்கில் குழாயோடு வாய் உலர்ந்து ஒரு கிழவராகத்தான் கிடப்பார், வெளியே இவ்வளவு பேர் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தால் எழுந்து பின்வாசல் வழியாக ஓடிவிடுவார், பாவம். ஆனால் இன்றைக்கு அந்தக் கேட் என் கண்ணை உறுத்தியது, எல்லாக் கேமராவும் அங்கே நிற்கிறதே, ஒரு கேமராவாவது அந்தத் துறைமுகத்தைக் காட்டக்கூடாதா என்று வந்தது. துறைமுகத்துக்கு எங்களிடம் இருந்தது ஒரு வரைபடம், அதில் சிவப்பாக ஒரு வட்டம், வட்டம் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் பையன் அழகாகத்தான் செய்திருந்தான். அந்த வட்டத்துக்குள் என் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருப்பான். இருக்கவேண்டும்.

அண்ணன் வளைகுடாவுக்குப் போனது எங்கள் கடலில் மீன் இல்லாததால் என்று சொல்வார்கள், உண்மையில் அவனுக்கு எங்கள் ஊர் அலுத்துவிட்டது, அவ்வளவுதான். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் பாதி ஆண்கள் அங்கேதான், ஒரு அர்பாப்பின் கீழே, அதாவது முதலாளியின் கீழே, லாஞ்சிலேயே சமைத்து லாஞ்சிலேயே தூங்கி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். தூக்கமும் எண்ணெயும் வழிகிற முகம். அவன் தோளுக்கு மேல் எப்போதும் இன்னொரு முகம் எட்டிப் பார்க்கும், அது சேசடிமை. எங்கள் ஊர்ப் பையன், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பனிமேரி அக்காவின் ஒரே மகன், போன வருஷம் அண்ணன்தான் விசா வாங்கி அவனைக் கூட்டிக்கொண்டு போனான். அவனுக்கு என்னிடம் கேட்க ஒரே கேள்விதான். "அக்கா, பேரொளிய நேர்ல பாத்திருக்கியளா?" பார்த்ததில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டான், "சும்மா சொல்லாதிய, டிவியில இருக்கிய, பாக்காம இருப்பியளா," என்பான். கையில் அவர் முகத்தைப் பச்சை குத்தியிருக்கிறான், குத்தியவனுக்கு மூக்கு வரவில்லை, பார்த்தால் எங்கள் பங்குச் சாமியாரின் சாயல், அதைச் சொல்லி அண்ணன் அவனைக் கிண்டலடிப்பான். எட்டாயிரம் பேர் முன்னால் ஒருத்தர் கை ஆட்டினால் எட்டாயிரம் பேரும் தனக்குத்தான் ஆட்டினார் என்று நினைக்கிறார்களே, அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அண்ணனுக்கும் விளங்காது. சினிமாவில் அழுகிறவனுக்குக் காசு, பார்த்து அழுகிறவனுக்குக் கண்வலி என்பான். அந்தக் குரலை நினைத்ததும் போனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒற்றை டிக்.

அம்மா கூப்பிட்டாள். எடுக்காமல் இருக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், எடுக்காவிட்டால் அதுவே அவளுக்குப் பதிலாகிவிடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை விஷயம் பேசுகிறவள் முகத்தை வைத்துக்கொண்டேன். "மக்களே, ததேயு போன் எடுக்கமாட்டேங்கான். அங்க குண்டு போட்டிருக்காவன்னு கோயில்ல பேசுதாவ. நெசமாடி?" ஆமாம்மா, துறைமுகத்தில் ஒரு மூலையில், பெரிசாக ஒன்றுமில்லை. "பெரிசா இல்லன்னா ஏன் எடுக்கமாட்டேங்கான்?" டவர் போயிருக்கும். "நீ டிவியிலதானே இருக்க, ஒனக்குத் தெரியாதா? ஒனக்குத் தெரியாமலா அங்க போடுதாவ?" டிவியில் இருப்பவள் உலகத்துக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அம்மாவின் எண்ணம், உள்ளே வருவதெல்லாம் என்னைத் தாண்டித்தான் வருமாம். தங்கம் விலை குறையுமா என்று கேட்பாள், புயல் எங்கள் பக்கம் வருமா என்று கேட்பாள், ஒரு தடவை போப்பாண்டவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது, மறைக்காமல் சொல் என்று கேட்டாள். எல்லாவற்றையும் எல்லாருக்கும் முன்னால் தெரிந்துகொள்கிறேன் என்பது உண்மைதான், அம்மா. இரண்டு நிமிஷம் முன்னால் தெரிந்துகொள்கிறேன். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒன்றும் செய்யமுடியாது, தட்டத்தான் முடியும். "தெரிஞ்ச ஒடனே மொதல்ல எனக்குச் சொல்லு, பொறவு டிவியில போடு, கேட்டியா," என்றாள். சரிம்மா என்றேன். வைக்கும்போது, "ஜெபமாலையை எடு," என்றாள், அலுவலகத்தில் நான் எங்கே போய் எடுப்பது, சரி என்று அதற்கும் சொன்னேன்.

ஏஜென்சி செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி. துறைமுகத் தாக்குதலில் இந்திய மீனவர் ஒருவர் பலி, தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த அருளப்பன் என அடையாளம் காணப்பட்டுள்ளார். ஊர் இல்லை, வயது இல்லை, போட்டோ இல்லை. தணிகைவேல் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அருளப்பன்! நம்ம ஆளு! பெல்சி, நீ அந்தப் பக்கம்தானம்மா, யாருன்னு விசாரி, போட்டோ கிடைச்சா பிரமாதம்." விசாரிக்கிறேன் சார் என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அருளப்பன் என் அப்பா. செத்துப் பல வருஷம் ஆகிறது, கடலில் அல்ல, வீட்டில், மஞ்சள் காமாலையில். என் பெயருக்கு முன்னால் இருக்கிற "அ" அவர்தான். எங்கள் ஊருக்குப் பாதுகாவலர் புனித அருளப்பர், அதனால் அப்பா வயதுக்காரர்களில் தெருவுக்கு நாலு அருளப்பன், கரிய அருளப்பன், கொம்பு அருளப்பன், ரேடியோ அருளப்பன். எங்கள் தலைமுறையில் அந்தப் பெயர் நின்றுபோயிற்று, அநேகமாக எல்லாரும் பெர்லின், டார்வின், ஷைனி, பெல்சி என்று ஆகிவிட்டோம். ஆனால் பாஸ்போர்ட் எடுக்கிறபோது அப்பாக்கள் திரும்பி வருகிறார்கள். இங்கே ஓர் எழுத்தாக ஓரத்தில் நிற்கிற அப்பா அங்கே விரிந்து பெயரின் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார், அரபு நாட்டில் கடைசியில் இருப்பதுதான் ஆளின் பெயர், ததேயு அருளப்பன் அங்கே போய் இறங்கியதும் வெறும் அருளப்பன் ஆகிவிட்டான். அர்பாப் அவனை அருள் அருள் என்றுதான் கூப்பிடுவாராம். அப்பாவைக் கூப்பிடுற மாதிரி இருக்குடி, முதல்ல எல்லாம் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன் என்று சிரித்திருக்கிறான். இனிஷியல் என்பதே நம் ஆட்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் புரியாது. டெல்லிக்காரனுக்கே புரியாது. யாரோ ஒரு போலீஸ்காரன், செத்தவன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கடைசி வார்த்தையைப் படித்திருக்கிறான். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், படிக்கிறபோது பெயர் மாறிவிடும் என்கிற மாதிரி. கை கீபோர்டின் மேல் இருந்தது. விரல்கள் சில்லிட்டுப் போயிருந்தன, எனக்குப் பயமாக இருந்தது, சின்ன வயதில் அப்பா கரைக்கு வரப் பிந்தினால் வருமே அந்தப் பயம், அதே இடத்தில், நெஞ்சுக்குக் கீழே. ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் சுவரில் இரண்டு சேனல்களில் அருளப்பன் ஓட ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கேட்டுக்குக் கீழே, வலமிருந்து இடமாக. குமரி மீனவர் அருளப்பன் பலி. குமரி மீனவர் அருளப்பன் பலி. என் அப்பா ஒரு நாளும் டிவியில் வந்ததில்லை, வரவேண்டும் என்று நினைத்ததுமில்லை. அம்மா மறுபடி கூப்பிட்டாள், நான் எடுப்பதற்கு முன்பே செத்துவிட்டேன், ஆனால் அவள் குரலில் ஓர் ஆறுதல். "எட்டி, டிவியில போட்டுட்டாவ, பாத்தியா? யாரோ அருளப்பனாம். நம்ம ஊரு இல்ல. நம்ம ஊரு அருளப்பன்மாரு எல்லாம் மண்ணுக்குள்ள போயாச்சு, ரேடியோ ஒருத்தன்தான் இருக்கான், அவனும் கட்டில்ல கெடக்கான். பாவம், எந்த ஊரோ. நான் பயந்தே போயிட்டேன் மக்களே." நான் சுவரில் ஓடுகிற பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒங்க அப்பா பேரக் கேட்டதும் என்னமோ போல ஆயிட்டு," என்று லேசாகச் சிரித்தாள். ஆமாம்மா. "ததேயு கூப்பிட்டா சொல்லு." சரிம்மா. அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்ததே இல்லை, அவளுக்கு மகன் ததேயு, அவ்வளவுதான், அவனை ஊரே ததேயு என்றுதான் கூப்பிடும். அவள் நிம்மதியாக இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் என் மேல் ஏறிக்கொண்டிருந்தது. இதை யார் அவளிடம் சொல்வது. நான்தான். மொதல்ல எனக்குச் சொல்லு பொறவு டிவியில போடு என்றாளே. இப்போது டிவியில் போட்டாகிவிட்டது, அவள் பார்த்தும் ஆகிவிட்டது, இன்னும் அவளுக்குத் தெரியவில்லை. தணிகைவேல் சார் திரும்பி, "என்னம்மா, கிடைச்சுதா?" என்றார். நம்ம சேனலில் இன்னும் பெயர் போடவில்லை, மற்றவர்கள் எல்லாம் போட்டுவிட்டார்கள், மேலேயிருந்து கேட்கிறார்கள், அவருக்கும் நெருக்கடி. ஒரு நிமிஷம் சார் என்று எழுந்து வெளியே படிக்கட்டுப் பக்கம் வந்தேன். அங்கே சிகரெட் வாசனை. சுவரில் எங்கள் நிலையத்தின் போஸ்டர், உண்மையின் முதல் குரல் என்று. அதைப் பார்த்துக்கொண்டே அண்ணன் எண்ணை மறுபடி அழுத்தினேன், போகவில்லை. அண்ணி இந்நேரம் வேலைக்குப் போயிருப்பாள், ஐஸ் ஃபேக்டரியில் டிவி கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நல்லவேளை. எதற்கு நல்லவேளை என்று தெரியவில்லை.

போன் அடித்தது, தெரியாத எண், வெளிநாட்டு எண். எடுத்ததும் ஒரே இரைச்சல், சைரன், யாரோ இந்தியில் கத்துகிறார்கள். "எட்டி பெல்சி, நான் ததேயு ஆக்கும், கேக்குதா?" கேட்டது. படியில் உட்கார்ந்துவிட்டேன், சுடிதார் அழுக்காகும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். "கேக்குதாடி? போன் கடல்ல போயிட்டு, இது மலையாளி ஒருத்தன் போன். எனக்கு ஒண்ணும் இல்ல, கையில லேசா கீறல், ஒரு கொடவுன்ல எல்லாரையும் அடச்சு வச்சிருக்காவ." நான் அழுதேன். அழுகிறபோதே சந்தோஷமாக இருந்தது, என் அண்ணன், என் அண்ணன் என்று உள்ளே ஏதோ குதித்துக்கொண்டிருந்தது, அதற்கு வேறு யாரும் வேண்டாம், உலகத்தில் வேறு யார் செத்தாலும் பரவாயில்லை. அப்புறம்தான் கேட்டேன், அப்போ அருளப்பன்? "சேசடிமை," என்றான். அவன் அப்பாவும் அருளப்பன்தான். கொம்பு அருளப்பன். அது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று. "காலைல கட்டில்ல படுத்துக் கெடந்தான். உள்ள சிக்னல் இல்ல. பேரொளிக்கு என்னாச்சுன்னு பாத்துட்டு வாரேன் அண்ணான்னு மேல ஏறிப் போனான். ஆஸ்பத்திரி லைவ் பாக்கதுக்கு. நாலு நாளா அதாக்கும் வேல அவனுக்கு. நான் சோத்த வடிச்சிட்டு இருந்தேன்." எந்தச் சேனல் பார்த்தான் என்று நான் கேட்கவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. "இஞ்ச பாரு, நான் சொல்லுதத கேளு," என்றான், குரல் மாறிவிட்டது, "பனிமேரி அக்காக்கு யாரும் சொல்லல்ல. சாமியாருக்குப் போட்டேன், கல்யாணப் பூசையில இருக்காராம், வேற ஆளு எடுத்துச் சொன்னான். யாராவது போய், கூட இருந்து, சொல்லணும். டிவியில அவன் பேரு வந்திரப்பிடாது. நீ அங்கதானே இருக்க." அருளப்பன்னு போட்டிருக்காங்க என்றேன். "அப்பன் பேரா," என்றான். "அது அப்படியே கெடக்கட்டும்," என்றான். மலையாளி போனைக் கேட்கிற சத்தம். அம்மாவிடம் சொல்லிவிடு என்றான், வைத்துவிட்டான்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அண்ணன் பேசினான், நல்லா இருக்கான் என்றதும், "என் அருளப்பரே, என் தங்க ராசாவே," என்று ஆரம்பித்துவிட்டாள், புனிதரைச் சொல்கிறாளா மகனைச் சொல்கிறாளா தெரியவில்லை. கொஞ்ச நேரம் அழவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை முழுதாக அவளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தது, ஒரு பத்து நிமிஷமாவது, ஆனால் நேரமில்லை. அம்மா, பனிமேரி அக்கா வீட்டுக்குப் போ. இப்பவே. "எதுக்குடி?" சாமியார் வருவார், அவர் வருகிறவரைக்கும் அங்கே இரு. டிவி போடவிடாதே. போனை வைக்காமல் போ. அம்மா எதுக்குடி என்று மறுபடி கேட்கவில்லை. கடற்கரைப் பெண்ணுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. "கொம்பு அருளப்பன் மவனா," என்று மெதுவாகக் கேட்டாள், நான் உம் என்றேன். செருப்பு போடுகிற சத்தம் கேட்டது, கதவைச் சாத்தும் சத்தம். சற்றுமுன் அழுத மூக்கை அவள் உறிஞ்சிக்கொண்டே நடந்தாள்.

ஹெட்போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இடத்துக்குத் திரும்பினேன். தணிகைவேல் சார் என் மேசையருகே நின்றிருந்தார். முகத்தில் வேர்வை. "என்னம்மா, பேரு அதுதானா? ஏஜென்சிக்காரன் பல தடவை சொதப்புவான். ஊர்ல யாரையாவது பிடிச்சியா?" பிடித்தேன் சார். "உறுதியா?" அவர் கண்ணைப் பார்த்தேன். கெட்ட மனுஷர் இல்லை, போன வருஷம் என் பிள்ளைக்கு டெங்கு வந்தபோது தன் காரைக் கொடுத்தவர். சரியான பெயர் இப்போது தமிழ்நாட்டில் என் ஒருத்தியிடம்தான் இருந்தது. சேசடிமை என்று தட்டினால் நாங்கள்தான் முதல், மற்ற சேனல்கள் எல்லாம் திருத்திக்கொண்டு எங்கள் பின்னால் வரும், போட்டோ வேண்டுமா, என் போனிலேயே இருக்கிறது, அண்ணனின் தோளுக்கு மேல் சிரித்தபடி. "அருளப்பன்தான் சார்," என்றேன். உட்கார்ந்தேன். குமரி மீனவர் என்று தட்டினேன். பலி என்ற சொல் எனக்குப் பிடிக்காது, ஆடு கோழிக்குச் சொல்வது, ஆனால் இரண்டே எழுத்து, இடம் மிச்சம் என்று வைத்திருக்கிறோம். நடுவில் அப்பாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தேன், அனுப்பினேன். எங்கள் சேனலிலும் ஓட ஆரம்பித்தது. தணிகைவேல் சார் பெருமூச்சு விட்டுவிட்டு ஆஸ்பத்திரி நிருபரைப் பிடிக்கப் போனார், கேட்டுக்குள் கறுப்புக் கார் ஒன்று போயிருக்கிறதாம்.

காதில் அம்மா நடந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. நாய் ஒன்று குரைத்தது, யாரோ எங்க போறிய என்று கேட்டார்கள், இஞ்சதான் என்றாள். பிறகு கொண்டி தட்டுகிற சத்தம், "வாங்க மைனி, வாங்க," என்று பனிமேரி அக்காவின் குரல், பின்னால் டிவி ஓடுகிற சத்தம். போட்டாயிற்று. அந்த வீட்டில் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக் கேட்டிலிருந்து எங்கள் நிருபர் பேசுவது எனக்கு இந்தக் காதில் ஸ்டுடியோவிலிருந்தும் அந்தக் காதில் அந்த வீட்டிலிருந்தும் கேட்டது. "கொஞ்சம் அமத்து பனிமேரி, தலைய வலிக்கி," என்றாள் அம்மா. "இரிங்க மைனி, ஒரு நிமிசம். கீழ என்னமோ எழுதிப் போகுது, நம்ம மாவட்டமாம்." அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது, மெதுவாக, குமரி, மீனவர், பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். புருஷன் பெயரை எங்கள் ஊர்ப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. "எங்க வீட்டாளு பேருல்லா மைனி," என்றாள். "பாவம், யாரு பெத்த பிள்ளையோ." அம்மா நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. "சத்தத்தக் கூட்டுங்க மைனி, ரிமோட்டு ஒங்க பக்கத்துலதான் கெடக்கு. பேரொளிக்கு என்னாச்சுன்னு கேப்போம். எம்பிள்ள போன் போட்டா மொதல்ல அதத்தான் கேப்பான்." ரிமோட் எங்கே, ரிமோட் எங்கே என்று அம்மா தேடிக்கொண்டிருந்தாள்.